பாங்கு வரைக்கும் மழை

பல்லாவரத்தில் விமானங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகளைத் தொட்டுவிடும் போலத் தாழப் பறக்கின்றன. நானும் அப்படி ஒன்றில்தான் வந்து இறங்கினேன். இறங்குவதற்குச் சற்று முன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, கீழே ஒரு பெண் பச்சைச் சேலை ஒன்றை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் இத்தனை பெரிய இரைச்சல் போகிறது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈப்போவில் எங்கள் தெருவுக்கு மேல் ஒரு விமானம் போனால் பூனை முதற்கொண்டு வெளியே வந்து பார்க்கும்.

பெட்டியில் பிஸ்கட் டின்களும் தலைவலித் தைலமும் இருந்தன. அது தொலைந்தால் போகட்டும். தோள்பையில் சுருட்டிக் கட்டிய துணியைத்தான் வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளை இரண்டடுக்காக வைத்து, அதன் மேல் கையால் வெறும் ஓட்டுத் தையல் போட்டே மழை பெய்ய வைத்திருந்தேன். ஈப்போ மலைகள் மேல் சாயங்காலத்தில் இறங்குகிற மழை. வெள்ளை, சாம்பல், கொஞ்சம் பச்சை. மேலிருந்து கீழே ஆயிரக்கணக்கான கோடுகள். மூன்று வருட வேலை.

மூன்று வருடத்துக்கு முன் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினவள் நான். நாற்பத்தைந்து வயதில் உனக்கு என்ன கிறுக்கு என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. கோலாலம்பூரில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் எனக்கென்று ஒரு சுவர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் என் துணி முடியவில்லை. நான் வேலை செய்கிற லட்சணம் அப்படி. வெறி வந்தால் பதினான்கு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் தைப்பேன். பிறகு மணிக்கட்டு வீங்கி, இரண்டு மாதத்துக்கு ஊசியைக் கண்டாலே எரிச்சல் வரும்.

இந்த முறை கெடு அடுத்த மாத ஆரம்பம். "இந்த வருஷமும் சுவர் ஏறலைன்னா பேசாம பழைய மேசைக்கே போயிடறேன்" என்று வீட்டில் ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல் "சரி" என்றார். அந்தச் சரிதான் எனக்குச் சுட்டது.

வானம் இருக்க வேண்டிய மேல் ஓரம் மட்டும் பாக்கி. அதை ஒட்டுப்போட அனகாபுத்தூர் தறியில் நெய்த மெல்லிய வெள்ளைத் துணிதான் வேண்டும் என்பது நான் எல்லாரிடமும் சொன்ன காரணம். ரஹீமாவைப் பார்க்க வேண்டும் என்பது நிஜக் காரணம்.

ரஹீமா என் வயதுக்காரி. அவள் கணவர் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பங்கு வைத்திருந்த நான்கு வருடமும் எங்கள் மாடியில்தான் குடியிருந்தார்கள். பிறகு சொந்த ஊரான பல்லாவரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவள் போன பிறகு மாடியில் யார் நடந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா, பாரினா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மலேசியா."

"அங்க ஆட்டோ கீதா?"

"இல்லையே."

"அப்ப ஜனம் எப்டிமா போவுது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பாலம் கட்டுகிற புழுதி, லாரி, மாடு எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் கவலை அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

ரஹீமா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டைப் பசியாறல் என்று நாங்களும் சொல்வோம், அவர்கள் வீட்டிலும் சொல்வார்கள். இடியாப்பத்தின் மேல் பாயாவை ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும் என்றால் காதில் விழாதவள் மாதிரி நடித்தாள். சாப்பிட்டு முடித்து, மின்விசிறிக்குக் கீழே பாயில் சாய்ந்த நான் மாலை வரை எழுந்திருக்கவில்லை. அரைமணிக்கு ஒரு விமானம் என் தூக்கத்தின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு ரஹீமா வீட்டுக் கூடத்தில் பாய் விரிந்தது. அக்கம்பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடைகளிலிருந்து வரும் சேலைகளுக்கு ஃபால் வைத்து, ஓரம் மடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலை. எல்லாம் கைத்தையல். ஐந்தாவதாக நானும் என் மழையோடு உட்கார்ந்தேன். பேச்சு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். யார் வீட்டு மோட்டார் கெட்டுப்போனது, எந்த ஸ்கூலில் எந்த டீச்சர் அடிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே தைத்ததில் எனக்குக் கண் சொக்கியது.

பன்னிரண்டேகால் வாக்கில் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முதல் சத்தம் கேட்டதும் நான்கு பேர் கையும் நின்றன. பாதிக் குஞ்சத்தில் ஒருத்தி, ஓரம் முடிய நான்கு விரல் இருக்கையில் ரஹீமா. நூல் கோத்த ஊசியை அந்தந்த இடத்திலேயே குத்திவைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"நாலு விரல்தானே இருக்கு, முடிச்சிட்டு எழுந்திரேன்" என்றேன் எனக்குப் பொறுக்காமல்.

"ஊஹூம். நடுவுல வுட்டாத்தான் நாளைக்குக் கை தானாத் தேடிக்கினு வரும். முடிச்சிட்டு எழுந்தா மறுபடி ஒக்காரவே மனசு வராது" என்றாள் ரஹீமா.

எதிர்வீட்டுச் செல்வி சேலையை மடித்துக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு சோத்தையே பாதில வுட்டுட்டு எழுந்துக்கறாரு. மறுபடி வந்து துன்றாரில்ல?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நான்கு விரல் மாலை வரை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மட்டும் உட்கார்ந்து விளக்கு வைக்கிற வரை தைத்தேன். மணிக்கட்டு கொதித்தது.

அன்று மாலை ரஹீமாவின் நாத்தனார் ஜெரினா வந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக டெய்லர். என் துணியை விரித்து, புரட்டி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கை என்னா சமமா வந்துகீது அக்கா!" என்றாள்.

தொழில்காரி வாயால் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே புலம்பலும் வந்தது. "முடிக்க முடியலையே ஜெரினா. கை உயிர் போகுது. யாராவது எப்படியாவது இதை முடிச்சுக் குடுத்தா அவங்களைக் கும்பிடுவேன்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தைலம் தேய்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தையலுக்கு விடுமுறை. அன்று பல்லாவரத்தில் சந்தை கூடுகிறது. உலகத்தில் உடைந்துபோன எல்லாமும் ஒரே தெருவில் வந்து படுத்திருந்தன. குழாய்த் திருகு, ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம், நடுவே பூத்த ரோஜாச் செடி, கூண்டில் லவ் பேர்ட்ஸ். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் நான் மிதந்துகொண்டே போனேன். ஒரு தார்ப்பாயில் ரீல் ரீலாக நூல் குவிந்திருந்தது. சாம்பல் நிறத்தில் மட்டும் பதினொரு வகை. கடைக்காரரும் மனைவியும் உருதுவில் ஏதோ பேசிக்கொள்ள, ரஹீமா என் காதில் தமிழில் சொன்னாள்: "இந்தப் பொம்பள எல்லாத்தையும் தடவித் தடவிப் பாக்குது, ஒண்ணும் வாங்காதுன்றாரு."

அந்த ரோஷத்தில் பதினொன்றையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து இழுத்தால் பட்பட்டென்று அறுந்தது. அத்தனையும் மக்கல்.

அதனால் சனிக்கிழமை நல்ல நூலுக்காகத் தாம்பரம் போக வேண்டி வந்தது. கடைத்தெருவில் நூல் சட்டென்று கிடைத்துவிட்டது. ஒரு டீயும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்தேன். பல்லாவரம் மூன்றாவது ஸ்டேஷன், பத்து நிமிடம். எதிரே ஒருத்தி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கூடையில் கொய்யாப்பழத்தோடு தூங்கினாள். காற்று முகத்தில் அடித்தது. நானும் கொஞ்சம் கண்ணை மூடினேன்.

கனவில் ரயில் ஒரு பெரிய வெள்ளைத் துணியில் ஓடியது. ஒரு தரம் துணிக்கு மேலே, ஒரு தரம் துணிக்கு அடியிலே. அடியில் போகும்போதெல்லாம் மல்லிகை மணத்தது. மேலே வரும்போதெல்லாம் ஈப்போ மலைகள் தெரிந்தன. எத்தனை நேரம் அப்படிப் போனேன் என்று தெரியாது.

"எம்மா, பீச் வந்துருச்சு. எறங்கு, எறங்கு" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். ரயில் காலி. மல்லிகைக்காரி போய்விட்டாள். காற்றில் கடல் வாடை அடித்தது. பல்லாவரத்தில் இறங்க வேண்டியவள் சென்னையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வந்த ரயிலில் ஆபீஸ் கூட்டம். ஒற்றைக் காலில் நின்றே வந்தேன்.

"நூல் வாங்கப் போனியா, நூத்துக்கினு வந்தியா?" என்றாள் ரஹீமா.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். துணியைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு நான் தனியாக அனகாபுத்தூர் போனேன். ஆட்டோ நுழைய முடியாத சந்து. இரண்டு பக்கமும் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வந்தது. ஒரு வீட்டில் சத்தம் நிற்க, அடுத்த வீட்டில் ஆரம்பிக்கும். ஆற்றுப் பக்கமிருந்து ஈர வாடை அடித்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். சுகமாக இருந்தது.

நான் கேட்ட வெள்ளைத் துணி ஒரு வீட்டில் இருந்தது. கணவன் தறியில், மனைவி பக்கத்தில் குட்டிக் குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயராம். ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வீர்கள் என்று கேட்டேன்.

"அளவெல்லாம் பாக்கறதில்லம்மா. ஆறு தார் தீந்தா ஒரு டீ. டீ குடிச்சிட்டு மறுபடி ஆறு தார். மீட்டர் பாத்துக்கினு ஒக்காந்தா பேஜாராப்பூடும்" என்றார் அவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆறாவது தார் தீர்ந்தது போல. எழுந்து எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

பல்லாவரம் திரும்பியபோது மணி நான்கு. ஜெரினா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. ஞாயிறு அவளுக்கு லீவு. ரஹீமா இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

"அக்கா, கண்ண மூடிக்கோங்க" என்றாள்.

மூடினேன். கையில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. திறந்தால் என் துணி. வெளிநாட்டுக்கு அனுப்புகிற சட்டை மாதிரி இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தாள். விரித்தேன். நான்கு ஓரமும் மடித்து மெஷின் தையல். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்த மாதிரி நேரான மெஷின் தையல்.

மழையைக் காணோம்.

"கச்சா எல்லாத்தையும் பிரிச்சிட்டேன்க்கா. எங்க வூட்டு மெஷின்லயே ஓட்டிட்டேன். காத்தால ஒம்பது மணிக்கு ஒக்காந்தது, பிரிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு. கை வலியோட எவ்ளோ கச்சா போட்டு வெச்சிருக்கீங்கோ! இனிமே ஒங்களுக்கு வேலையே இல்ல, முடிஞ்சுது" என்றாள்.

அவள் கம்பெனியில் துணி மெஷினுக்கு வருவதற்கு முன் நகராமல் இருக்க ஹெல்பர் பெண்கள் கையால் நீளநீளமாகத் தையல் ஓட்டிக் கொடுப்பார்கள். அதுதான் கச்சா. மெஷின் ஓடி முடிந்ததும் கச்சாவை உருவிப் போட்டுவிட வேண்டும். ஒரு இழை மிச்சம் இருந்தாலும் சூப்பர்வைசர் பீஸைத் திருப்பி அனுப்புவார். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகின கை. கையால் போட்ட ஓட்டுத் தையல் என்றால் அவளுக்கு இன்னும் முடியாத வேலை என்றுதான் அர்த்தம். அதுவும் நானே முடித்துக் கொடுத்தால் கும்பிடுகிறேன் என்று சொன்ன வேலை.

இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"யாரைக் கேட்டுத் தொட்ட? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? மூணு வருஷம்டி! மெஷினை மிதிக்கத் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு நெனப்பா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

ஜெரினா சிரித்த முகத்தை மாற்றக்கூட நேரமில்லாமல் நின்றாள். அவள் கையில் ஒரு அட்டை இருந்தது. உருவின நூலையெல்லாம் வீணாக்காமல் அதில் சுற்றி வைத்திருக்கிறாள். வெள்ளை தனியாக, சாம்பல் தனியாக, பச்சை தனியாக. அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

எனக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கிளம்பி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி, கால் போன போக்கில் நடந்தேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டது கால். வெயில் தாழ்ந்திருந்தது. தண்ணீரில் கொஞ்சம் வானமும் கொஞ்சம் ஆகாயத்தாமரையும். ரிடையரான மனிதர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். மூன்று சுற்று முடிந்து நான்காவது சுற்றில் ஒருவர் என் முன்னால் நின்றார்.

"எனி ப்ராப்ளமாம்மா?"

"துணி பிரிஞ்சிடுச்சு சார்."

"அவ்வளவுதானே? ஸ்டேஷன் ரோட்ல நல்ல டெய்லர் இருக்கான். ஹாஃப் அன் அவர்ல தெச்சுக் குடுத்துருவான். இதுக்குப் போயா அழறது?"

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் காரியம் முடிந்த திருப்தியோடு ஐந்தாவது சுற்றுக்குப் போனார்.

வீடு திரும்பியபோது ரஹீமா கல்யாணப் பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எந்தப் பக்கமும் பேசவில்லை.

"அவ வேணும்னு செய்யல. நீயும் வேணும்னு திட்டல. ரெண்டு பேரும் சாப்பிடல, அதான் மிச்சம்" என்று பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் துணியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஊசி போன துளைகள் அத்தனையும் மூடாமல் இருந்தன. வெயில் அதன் வழியாகப் பொட்டுப் பொட்டாக இறங்கியது. வெளிச்சத்திலேயே மழை பெய்தது. ஐயோ, எத்தனை அழகு! இதை அப்படியே சுவரில் மாட்டி ஏதாவது பெரிய பெயராக வைத்துவிட்டால் என்ன என்று ஒரு கள்ளப் புத்தி வந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நான் தைத்தது எதுவும் அதில் இல்லையே. திருட்டுத்தனமாக ஒரு சுவர் ஏறுவதற்கா மூன்று வருடம் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஐ.எஸ்.டி. பூத்தில் போய்க் கோலாலம்பூருக்குப் பேசினேன். கண்காட்சிக் கூடத்துப் பெண் ஆங்கிலத்தில் மிக இனிமையாகப் பேசினாள்: "கேட்கவே வருத்தமாக இருக்கிறது. சுவரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். பின்னால் எப்போதாவது நிச்சயம் பார்க்கலாம்." இந்த எப்போதாவதுக்கு என்ன பொருள் என்று பதினேழு வருடம் இன்சூரன்ஸில் இருந்தவளுக்குத் தெரியாதா? அடுத்து வீட்டுக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் மேசையில இன்னும் யாரையும் உட்கார வைக்கலையாம். போன வாரம்கூட மேனேஜர் கேட்டார்" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தோற்றுப்போனேன். பூத்திலிருந்து வெளியே வந்தபோது மணி பத்து ஆகியிருந்தது. பாய் விரித்திருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் நானும் போய் உட்கார்ந்தேன்.

ஊசியில் சாம்பல் நூலைக் கோத்து, முதல் துளைக்குள் விட்டேன். பழைய வழியிலேயே ஊசி போனது. ஒரு கோடு, இன்னொரு கோடு. ஆத்திரம் தீர, பொழுது சாயும் வரை தைத்துத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாங்கு கேட்டது. நான் நிமிரவில்லை. ரஹீமா குனிந்து என் கையிலிருந்து துணியை அப்படியே வாங்கி, ஊசியைக் குத்தி, சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"சாவியக் குடுடி."

"நாளைக்குப் பத்து மணிக்கு."

"அது என் துணி."

"ஒன் துணிதான். கையும் ஒன் கைதான். அதுக்குதான் பூட்டறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் வைத்த தாளிச்சாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய், புதன், வியாழன். பத்து மணிக்குச் சாவி வரும், பாங்குக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மொட்டைமாடியில் படுத்து விமானத்தின் வயிற்றைப் பார்ப்பேன். செல்வியோடு மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலி வாங்குவேன். நாளைக்கு எந்தச் சாம்பல், எங்கே கொஞ்சம் பச்சை என்று அதுபாட்டுக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கே அலமாரி முன்னால் போய் நின்றேன். ஊசியைப் பார்க்க ஆசையாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று! மணிக்கட்டில் வலி எப்போது போனது என்றே கவனிக்கவில்லை.

அன்று தைத்த அகலத்தை விரல் வைத்து அளந்தேன். நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்றால், முழுத் துணிக்கும் இரண்டு வருடம்கூட ஆகாது. வெறி பிடித்துத் தைத்ததில் மூன்று வருடம் போயும் முடியவில்லை. இதைச் சொன்னதும் செல்வி, "இத கண்டுபுடிக்க பிளேன் ஏறி வரணுமாக்கா?" என்றாள்.

ஜெரினா அந்த வாரம் முழுக்க வரவில்லை. நான் அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஊருக்குப் போகிற நாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், கம்பெனி அரைநாள் முடிந்து தானே வந்தாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. கையில் தையல் பிரிக்கிற சின்னக் கத்தி.

"மெஷின் தையலப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போறேன். நாந்தான போட்டேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஜெரினா, நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிச்சிடு."

அவள் பாயில் உட்கார்ந்து துணிக்காகக் கையை நீட்டினாள். ரஹீமா சாவியை எடுத்துக் கொடுத்தாள். துணியை விரித்ததும், அந்த வாரம் நான் தைத்திருந்த பகுதியின் மேல் ஜெரினாவின் விரல் நின்றது.

"இது இன்னாக்கா?"

"மழை."

"மழையா?" குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "மழைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கை வெச்சிருப்பனாக்கா?"

சொல்லவில்லைதான். கை வலிக்கிறது, முடியவில்லை, கெடு வந்துவிட்டது என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னேன். அது என்ன என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக நன்றாக அழுதோம். ரஹீமா நடுவில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

குறுக்குத் தையல்களை அவள் பிரித்தாள். தான் போட்ட அழகான தையலைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தாள். அது எத்தனை சுத்தமான வேலை என்பது அப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. ஓரத்துக்கு வந்தபோது அவள் கையைத் தடுத்தேன்.

"ஓரம் இருக்கட்டும். எனக்கு இப்படி வராது."

"நெஜமாவா?"

"நெஜமா."

ஓரத்தை ஒரு முறை நகத்தால் நீவி விட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாடு அவள் வீட்டில்.

ஈப்போவுக்கு வந்த மறுவாரம் வேலையில் சேர்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதற்கு யாரை நோவது? மதிய இடைவேளை பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை. ஈப்போவில் பன்னிரண்டரை என்றால் பல்லாவரத்தில் பத்து. முதல் நாளே சாப்பாட்டு அறை மேசையில் துணியை விரித்தேன். எதிரே வைத்திருந்த கைத்தொலைபேசி ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. ரஹீமாவின் மிஸ்டு கால். பாய் விரித்தாயிற்று என்று அர்த்தம். எடுக்கக்கூடாது, எடுத்தால் அவளுக்குக் காசு போகும். இன்றுவரை வெள்ளி, ஞாயிறு தவிர ஒரு நாளும் அது தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு நம்பரிலிருந்து வருகிறது. ஜெரினாவுக்கு அன்றுதான் லீவு.

பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் சீனப் பெண் போன வாரம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பெய்து, மறுபக்கம் வெறும் துளையாகக் கிடக்கும் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டாள்.

"மழை."

"எப்போது முடியும்?"

"ஒன்றரை மணிக்கு" என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.